செம்பூர்ல பழைய வீடு, கையில 9 லட்சம், மழைக்கு முன்னாடி எதை முதல்ல செய்யறது?

செம்பூர்_செல்வி:

எல்லாருக்கும் வணக்கம். மும்பைல பழைய சொசைட்டி (ஃபிளாட்காரங்க சேந்து நடத்தற வீட்டு சங்கம்) வீட்டை ரிப்பேர் பண்ணின அனுபவம் உள்ளவங்க யாராவது இருந்தா கொஞ்சம் வழி சொல்லுங்க, மூணு வாரமா இதே யோசனைதான், தூக்கமே சரியா வரல.

வீடு செம்பூர்ல. 1987ல கட்டின பில்டிங், கிரவுண்ட் பிளஸ் 4, லிஃப்ட் கிடையாது, எங்க வீடு 4ஆவது மாடி, அதுக்கு மேல மொட்டை மாடிதான். 1 பிஎச்கே, கார்ப்பெட் (சுவர் நீங்கலா உள் அளவு) 540 சதுர அடி. அப்பா 1994ல வாங்கினது, லோன் எல்லாம் எப்பவோ முடிஞ்சிருச்சு. இப்ப அப்பாவுக்கு 70 ஆகப்போகுது, அம்மாவுக்கு முட்டி வலி. நானும் தம்பியும் சேந்து 9 லட்சம் வச்சிருக்கோம், அதுக்கு மேல கடன் வாங்காம முடிக்கணும்னு ஆசை.

பிரச்சனை எல்லாம் தண்ணிதான். ஜூலை வந்தா பெட்ரூம்ல மேற்குப் பக்க சுவர் முழுக்க ஓதம் ஏறிடும், பீரோ பின்னாடி பூசணம், துணியெல்லாம் ஒரு வாடை. அதே ரூம் சீலிங்ல காரை ரெண்டு இடத்துல பேந்து விழுந்திருக்கு. பால்கனி சீலிங்ல கம்பியே தெரியுது, துரு பிடிச்சு. பாத்ரூம்ல இருந்து கீழ் வீட்டுக்குத் தண்ணி இறங்குதுன்னு அவங்க ரெண்டு வருஷமா சொல்றாங்க, நல்ல மனுஷங்க, சண்டை போடல, அதுவே எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு. கிச்சன் மேடையும் ஆட்டம் கண்டிருச்சு, வயரிங் அந்தக் காலத்துது.

ரெண்டு கொட்டேஷன் வந்திருக்கு. ஒருத்தர் 14.5 லட்சம், மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 17.11 லட்சம். இன்னொருத்தர் "எல்லாம் சேத்து 9 லட்சம், கவலைப்படாதீங்க"ன்னு ஒரே ஒரு பக்கத்துல எழுதிக் கொடுத்திருக்கார். இப்ப ஜனவரி. மே கடைசிக்குள்ள முடிச்சிடணும்னு நினைக்கிறேன். 9 லட்சத்துல என்ன பண்ண முடியும், எதை விட்டுடலாம்? அப்பா அம்மா இருந்து நிம்மதியா பாக்கணும், அதான் எனக்கு முக்கியம்.

சைட்_இன்ஜினியர்:

சகோதரி, நான் 16 வருஷமா இங்க பில்டிங் ரிப்பேர் வேலைதான் பாக்கறேன், சைட் சூப்பர்வைசரா ஆரம்பிச்சது. உங்க போஸ்டைப் படிச்சதும் முதல்ல சொல்லத் தோணினது இதுதான்: நீங்க சொன்ன பிரச்சனைல பாதி உங்க காசுல செய்ய வேண்டியதே இல்ல.

மகாராஷ்டிரா ஹவுசிங் சொசைட்டிகளுக்கான மாதிரி பைலாவை (சொசைட்டி நடத்தற விதிமுறை) எடுத்துப் பாருங்க, செக்ரட்டரிகிட்ட உங்க சொசைட்டி பைலா காப்பி கேட்டா கொடுக்கணும். மொட்டை மாடி, பாராபெட் சுவர், வெளிச்சுவர், மழைத்தண்ணி பைப் இதெல்லாம் சொசைட்டி செலவு. அதோட மொட்டை மாடி வழியா மழைத்தண்ணி இறங்கி மேல் மாடி வீட்டு சீலிங்கும் பூச்சும் கெட்டுப்போனா அதைச் சரி பண்றதும் சொசைட்டி செலவுன்னு தனியாவே போட்டிருக்கும். உங்க பெட்ரூம் சீலிங் அதுலதான் வருது. பாத்ரூம், சிங்க் இதுல இருந்து கசியற உள் கசிவு மட்டும்தான் உங்க பொறுப்பு. ரிப்பேர் ஃபண்டுன்னும் சிங்க்கிங் ஃபண்டுன்னும் (பெரிய ரிப்பேருக்குச் சேத்து வைக்கற காசு) மாசாமாசம் உங்ககிட்ட வாங்கறாங்களே, அது இதுக்குத்தான்.

இன்னொண்ணு, 30 வருஷம் தாண்டின பில்டிங்குக்கு 3 வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்ட்ரக்சுரல் ஆடிட், அதாவது பில்டிங் உறுதியா இருக்கான்னு இன்ஜினியர் வச்சு சோதனை, பண்ணணும். கடைசியா எப்ப பண்ணாங்க, ரிப்போர்ட் எங்கன்னு கேளுங்க, வாயால இல்ல, லெட்டர் எழுதி கையெழுத்தோட அக்னாலெட்ஜ்மென்ட் வாங்குங்க. பால்கனில கம்பி தெரியுதுன்னா அது அழகு விஷயம் இல்ல. கடல் காத்து உப்பும் ஈரமும் கான்கிரீட்டுக்குள்ள போய் கம்பி துருப்பிடிக்கும், துரு பிடிச்சா கம்பி உப்பும், உப்பினா கான்கிரீட்டை வெளிய தள்ளும், அப்படித்தான் காரை விழறது. அது மேல புட்டி தடவி பெயின்ட் அடிச்சா ரெண்டு மழை தாங்காது. நல்லா கொத்தி எடுத்து, கம்பியை பிரஷ் போட்டுத் துருவை எடுத்து, ஆன்டி கரோசிவ் கோட் அடிச்சு, பாலிமர் கலவைல திரும்பக் கட்டணும். அது வரைக்கும் அந்த பால்கனி சீலிங்குக்கு கீழ யாரும் நாற்காலி போட்டு உக்கார வேண்டாம், அப்பாகிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க.

மேற்குச் சுவருக்கு வருவோம். மழைக்காலத்துல மட்டும் ஓதம் ஏறி, டிசம்பர்ல காஞ்சு போகுதுன்னா அது வெளில இருந்து வர்ற தண்ணி. வருஷம் முழுக்க ஈரமா இருந்தா பைப். இங்க தென்மேற்குக் காத்து நாலு மாசம் மழையை நேரா அந்தச் சுவர் மேலதான் அடிக்குது. மும்பைல மழை அளக்கற சாந்தாகுரூஸ்ல ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மட்டும் ஏறக்குறைய 2,300 மில்லிமீட்டர், சென்னைல வருஷம் முழுக்க சேத்தாலே 1,400 கிட்டத்தான், அப்ப பாத்துக்கோங்க. உள்பக்கம் எவ்வளவு விலை கூடின வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிச்சாலும் தண்ணி வெளிப்பூச்சு விரிசல் வழியா வந்துட்டேதான் இருக்கும், இடம் மாறி வேற பக்கம் உப்பிட்டு நிக்கும். வெளில விரிசலை அடைக்கணும், ஜன்னல் ஓரத்துல சீலன்ட் போகணும், ஜன்னலுக்குக் கீழ கிரானைட் பட்டை வெளிப்பக்கமா சரிவு வச்சுப் போடணும். நான் பாத்த வரைக்கும் பாதிக்கு மேல வீடுகள்ல ஜன்னல் சரிவு உள்பக்கமா இருக்கும், தண்ணியை நாமளே உள்ள கூப்பிட்ட மாதிரி.

பாத்ரூமுக்கு, நானி டிராப்பை (தரைல தண்ணி வெளிய போற ஓட்டை) அடைச்சிட்டு ரெண்டு இன்ச் தண்ணி கட்டி 24 மணி நேரம் விடுங்க. கீழ் வீட்டு சீலிங்ல ஈரம் கூடினா தரை வாட்டர்ப்ரூஃபிங் போயிருச்சு. கூடலைன்னா பைப்பா, இல்ல மேல லாஃப்ட் டேங்க் (பரண்ல வைக்கற தண்ணித் தொட்டி) இருக்கான்னு பாருங்க, பழைய வீட்டுல அந்த டேங்க் ஓவர்ஃப்ளோ ஆகி சுவர் வழியா இறங்கறது ரொம்ப சகஜம். இதைக் கண்டுபிடிக்காம டைல்ஸை உடைக்காதீங்க.

முலுண்ட்_அக்கா:

செல்விம்மா, மேல தம்பி சொன்னது எல்லாம் சரி. நான் செலவுப் பக்கம் சொல்றேன், ஏன்னா அங்கதான் நாங்க அடிபட்டோம்.

2022ல ஏப்ரல் முதல் வாரத்துல ஆரம்பிச்சோம், 45 நாள்ல முடியும்னு காண்ட்ராக்டர் சொன்னார். மே மாசம் பாதில அவர் ஆளுங்க உத்தரப்பிரதேசத்துக்கு ஊருக்குப் போயிட்டாங்க, கல்யாண சீசன். திரும்பி வந்து முடிக்கறப்ப ஜூன் 20 தாண்டிருச்சு, வெளில கொட்டற மழை, உள்ள புதுப்பூச்சு காயவே இல்ல, சொசைட்டில வேற சீக்கிரம் முடிங்கன்னு அழுத்தம், அந்த ஈரச் சுவர் மேலயே புட்டி, ரெண்டு கோட் பெயின்ட் எல்லாம் அடிச்சாங்க. ஆகஸ்ட்ல கொப்பளம் கொப்பளமா கிளம்பிருச்சு. 78,000 ரூபா பெயின்ட் வேலை, தீபாவளிக்கு அப்புறம் திரும்ப முழுசா சுரண்டி அடிச்சோம். இன்னைக்கு நினைச்சாலும் வயிறு எரியுது.

அதைவிடப் பெரிய செலவு வாடகை. கொட்டேஷன்ல எந்த காண்ட்ராக்டரும் இதை எழுத மாட்டாங்க. ஒரே பாத்ரூம் உள்ள வீட்டுல அதை உடைச்சா நீங்க எங்க போவீங்க? ரெண்டு மாசத்துக்குன்னு இங்க யாரும் வீடு தரல, 11 மாச அக்ரிமென்ட்தான் பேசறாங்க, புரோக்கருக்கு ஒரு மாச வாடகை, டெபாசிட், டெம்போ, ரெண்டு தடவை சாமான் ஏத்தி இறக்கற கூலி. மாசம் 32,000 வாடகைல நாங்க கடைசில நாலு மாசம் கட்டினோம், எல்லாம் சேத்து 1.9 லட்சம் அதுலயே போச்சு. அந்தக் காசுல ஒரு நல்ல கிச்சன் வந்திருக்கும். சொந்தக்காரங்க வீடு இருந்தா அப்பா அம்மாவை அங்க அனுப்பிடுங்க, கூச்சமே படாதீங்க.

அப்புறம் உங்களுக்கு லிஃப்ட் இல்ல, நாலு மாடி. சிமென்ட், மணல், டைல்ஸ் ஏத்துகூலி, உடைச்ச குப்பையை மூட்டை கட்டி இறக்கற கூலி, அதைக் கொண்டு போற டெம்போ, இது மூணும் கொட்டேஷன்ல இருக்கான்னு வரி வரியா பாருங்க. எங்களுக்கு மூட்டைக்கு இவ்வளவுன்னு தனியா வாங்கினாங்க, முதல் மாடிதான், அப்பவே 22,000 ஆச்சு. காம்பவுண்டுல ராத்திரி குப்பை கிடந்தா சொசைட்டி ஃபைன் போடும். என்ஓசிக்கு (வேலை செய்ய சொசைட்டி தர்ற அனுமதிக் கடிதம்) டெபாசிட் கேப்பாங்க, எங்ககிட்ட 25,000 வாங்கினாங்க, திரும்பக் கொடுத்துட்டாங்க, ஆனா நாலு மாசம் கழிச்சுத்தான், அதனால அதைச் செலவுக் கணக்குல வச்சிடுங்க. மத்தியானம் 2ல இருந்து 4 வரைக்கும் தட்டற வேலை கூடாது, ஞாயித்துக்கிழமை வேலையே கூடாதுன்னா காண்ட்ராக்டர் சொல்ற 45 நாள் வேலை எப்படி 45 நாள்ல முடியும் சொல்லுங்க.

அந்த ஒரு பக்க 9 லட்சத்துக்காரரை மட்டும் நம்பாதீங்கம்மா. என்ன பைப், என்ன பிளை, டைல்ஸ் சதுர அடி எவ்வளவு விலைல, எத்தனை சதுர அடின்னு எழுதாத கொட்டேஷன் வெறும் பேச்சுதான். பாதி வேலைல "இது அதுல இல்ல"ன்னு நிப்பாங்க, அப்ப வீடு உடைஞ்சு கிடக்கும், உங்களால ஒண்ணும் பண்ண முடியாது.

டோம்பிவிலி_குமரன்:

யாரும் கேக்காத ஒண்ணு கேக்கறேன். சொசைட்டில ரீடெவலப்மென்ட், அதாவது பழைய பில்டிங்கை இடிச்சுட்டு பில்டர் புதுசா கட்டறது, பேச்சு ஓடுதா? 1987 பில்டிங், செம்பூர், 4 மாடி மட்டும்... பில்டர்கள் இதைத்தான் தேடிட்டு இருக்காங்க. என் அக்கா காட்கோபர்ல 2021ல 11 லட்சம் போட்டு இத்தாலியன் மார்பிள், மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங்னு பண்ணினாங்க. 2023ல சொசைட்டி டெவலப்பரை முடிவு பண்ணிருச்சு, அடுத்த வருஷம் வீட்டைக் காலி பண்ணி சாவியைக் கொடுத்துட்டாங்க. அந்த கிச்சனை ஸ்கிராப் விலைக்குத்தான் எடுத்தாங்க, அக்கா அன்னைக்கு அழுதது எனக்கு இன்னும் கண்ணுல இருக்கு. மகாராஷ்டிரா கூட்டுறவு சங்க சட்டத்துல 79ஏ வழிமுறைப்படி 51 சதவீதம் மெம்பர்ஸ் சம்மதிச்சா போதும், உங்க வீட்டுக்கு விருப்பம் இல்லைனாலும் நடக்கும். அதனால கடைசி ரெண்டு வருஷ ஜெனரல் பாடி மீட்டிங் மினிட்ஸை வாங்கிப் படிங்க, அதுக்கு அப்புறம் எவ்வளவு போடறதுன்னு முடிவு பண்ணுங்க. பேச்சு ஓடுதுன்னா பிடுங்கிட்டுப் போக முடியற சாமானுக்கு மட்டும் காசு போடுங்க.

சைட்_இன்ஜினியர்:

குமரன் சொல்றது ரொம்ப முக்கியமான கேள்வி. ஆனா அதுல ஒரு ஆபத்தும் இருக்கு. பேச்சு ஆரம்பிச்சு ஏழெட்டு வருஷம் இழுத்த சொசைட்டிகளை நான் பாத்திருக்கேன், டெவலப்பர் வருவார், போவார், கோர்ட்டுக்குப் போவாங்க, அது வரைக்கும் எதுக்கு ரிப்பேர்னு யாரும் கை வைக்க மாட்டாங்க, பில்டிங் அந்த எட்டு வருஷத்துல கம்பியோட போயிடும். அழகு வேலையைத் தள்ளிப் போடலாம், கசிவையும் கம்பியையும் வயரிங்கையும் தள்ளிப் போட முடியாது.

செல்வி, என் யோசனை, ஒரே மூச்சுல மே மாசத்துக்குள்ள எல்லாத்தையும் முடிக்க நினைக்காதீங்க, வேலையை ரெண்டாப் பிரிங்க. பிப்ரவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் தண்ணி சம்பந்தப்பட்டது மட்டும்: பாத்ரூம், டாய்லெட், பழைய ஜிஐ (இரும்பு) பைப்பை எடுத்துட்டு சிபிவிசி (பிளாஸ்டிக்) பைப், ஜன்னல், கூடவே வயரிங். மொட்டை மாடியும் வெளிச்சுவரும் சொசைட்டி பண்ணணும், அது மே முடியறதுக்குள்ள நடக்க வைங்க. உடைச்ச இடத்துல வெறும் பூச்சோட விட்டுடுங்க, பெயின்ட் வேண்டாம். ஒரு மழைக்காலம் முழுசா போகட்டும். சுவர் ஜூலை ஆகஸ்டைத் தாண்டி காஞ்சு நின்னுச்சுன்னா வேலை சரி, எங்கயாவது ஈரம் வந்தா அங்க மட்டும் திரும்பக் கொத்தலாம், பெயின்ட் அடிச்சிருந்தா அந்தக் காசும் சேந்து போயிருக்கும். அக்டோபர் வெயில்ல சுவர் நல்லா காயும், அதுக்கு அப்புறம் பெயின்ட், கிச்சன். நாலு மாசம் வீடு பாக்க அழகா இருக்காது, சொந்தக்காரங்க வந்தா ஒரு மாதிரி இருக்கும், பரவாயில்ல.

இதுல இன்னொரு லாபம், காண்ட்ராக்டருக்குக் கொடுக்கற காசுல 10 சதவீதத்தை செப்டம்பர் கடைசி வரைக்கும் நிறுத்தி வைக்கறேன்னு முன்னாடியே எழுதிக்கோங்க. சண்டை போடுவாங்க, 5 சதவீதத்துக்காவது ஒத்துப்பாங்க. அதுக்கும் ஒத்துக்காத ஆள்கிட்ட வாட்டர்ப்ரூஃபிங் வேலை கொடுக்காதீங்க. 10 வருஷ வாரன்டின்னு கார்டு நீட்டறதை விட கையில நிக்கற அந்தக் காசுதான் ஆளைத் திரும்ப வர வைக்கும்.

பாத்ரூம்ல வாட்டர்ப்ரூஃபிங் கோட் அடிச்சதும் டைல்ஸ் போடறதுக்கு முன்னாடி திரும்ப 48 மணி நேரம் தண்ணி கட்டிப் பாக்கணும். இந்த ரெண்டு நாளைத்தான் எல்லாரும் அவசரத்துல விடறாங்க. கோட்டை தரையோட நிறுத்தாம சுவர்ல ஒரு அடி மேல ஏத்தணும், குளிக்கற இடத்துல ஆள் உயரம் வரைக்கும்.

நர்ஸ்_மீனா:

செலவு பத்தி எனக்கு அவ்வளவா தெரியாது, அப்பா அம்மா வயசைப் பாத்துட்டுத்தான் எழுதறேன். எப்படியும் பாத்ரூமை உடைக்கப்போறீங்க, அப்பவே இந்தியன் டாய்லெட்டா இருந்தா மாத்திடுங்க, முட்டி வலி உள்ளவங்களுக்கு அது தினமும் சித்திரவதை. சுவர்ல பிடிமானக் கம்பி ரெண்டு போடுங்க, டாய்லெட் பக்கம் ஒண்ணு, குளிக்கற இடத்துல ஒண்ணு. பளபளன்னு இருக்கற டைல்ஸ் வேண்டவே வேண்டாம், சொரசொரப்பா ஆன்டி ஸ்கிட் கேளுங்க. வாசப்படி உயரத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ குறைச்சிடுங்க. நான் வேலை பாக்கற வார்டுக்கு வர்ற இடுப்பு எலும்பு முறிவு கேஸ்ல பாத்ரூம்ல வழுக்கினவங்க அவ்வளவு பேர். இதுக்கு ஆகற கூடுதல் செலவு ரொம்பக் கம்மி, தயவு செஞ்சு விட்டுடாதீங்க.

முலுண்ட்_அக்கா:

மீனா சொன்னதை நான் அப்படியே வழிமொழியறேன்மா. கிச்சனுக்கு ஒண்ணு சொல்லிடறேன், இந்த ஊர் ஈரத்துக்கு சிங்க் கீழ சாதா பிளை போட்டா ரெண்டு வருஷத்துல ஊறிடும். ஐஎஸ் 710னு சீல் அடிச்ச மரைன் பிளை கேளுங்க, ஷட்டரை ஒட்டறதுக்கு முன்னாடி நேர்ல போய் அந்த சீலைப் பாருங்க. முழு மாடுலர் வேண்டாம்னு நினைச்சா கிரானைட் மேடையும் கீழ அலுமினியம் ஃபிரேம் கதவும் போதும், விலையும் கம்மி, கரையானும் வராது. எங்க வீட்டுல இப்ப அதுதான் இருக்கு, நல்லாவே இருக்கு.

செம்பூர்_செல்வி:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. நேத்து ராத்திரி நானும் தம்பியும் உக்காந்து இதை எல்லாம் படிச்சுட்டுக் கணக்கு போட்டோம்.

செக்ரட்டரி அங்கிள்கிட்ட காலைல லெட்டர் கொடுத்துட்டேன், காப்பில கையெழுத்து வாங்கிட்டேன். ஸ்ட்ரக்சுரல் ஆடிட் கடைசியா 2018ல பண்ணினதாம், அதுக்கு அப்புறம் இல்ல. ரீடெவலப்மென்ட் பத்தி போன வருஷ மீட்டிங்ல பேசியிருக்காங்க, ஆனா இன்னும் பிராஜெக்ட் கன்சல்டன்ட்கூட வைக்கல, அதனால உடனே ஒண்ணும் நடக்காதுன்னு நினைக்கிறேன். ஞாயித்துக்கிழமை கமிட்டி மீட்டிங், என்னையும் வரச் சொல்லியிருக்கார், எங்க மாடில இருக்கற இன்னும் ரெண்டு வீட்டுக்காரங்களும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க, அவங்க சீலிங்கும் இதே கதைதான்.

கணக்கு இப்படி வந்திருக்கு. பாத்ரூம், டாய்லெட், பைப் எல்லாம் சேத்து 2.6 லட்சம். மூணு ஜன்னல் கிரானைட் பட்டையோட 90,000. வயரிங் 1.1 லட்சம், இதுல எர்த்திங்கும் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிஞ்சா தானா அணையற ஸ்விட்ச்) சேத்தாச்சு. ஏத்துகூலி, குப்பை, டெம்போ 40,000. ஆக 5 லட்சம். உடைச்சா உள்ள என்ன இருக்குமோன்னு 1 லட்சம் தொடாம வைக்கிறோம். மீதி 3 லட்சம் அக்டோபருக்கு, அக்கா சொன்ன மாதிரி கிரானைட் மேடை, அப்புறம் பெயின்ட். சொசைட்டி டெபாசிட் தம்பி தனியாப் பாத்துக்கறேன்னு சொல்லிட்டான். ஃபால்ஸ் சீலிங், வார்ட்ரோப் எல்லாத்தையும் அடிச்சிட்டேன். 14.5 லட்சம் சொன்னவர்கிட்டயே இந்த முதல் பாதிக்கு மட்டும் ஐட்டம் ஐட்டமா எழுதிக் கேட்டிருக்கேன், அவர் கொட்டேஷன்லதான் பைப் பேர், டைல்ஸ் விலை எல்லாம் இருந்துச்சு.

அப்பா அம்மா ஒரு மாசம் தானேல சித்தி வீட்டுல இருப்பாங்க. சித்தி போன்ல கேட்டதும் "இதுக்கு எதுக்குடி இவ்வளவு தயங்கற"ன்னு திட்டினாங்க. அம்மாகிட்ட பிடிமானக் கம்பி பத்தி சொன்னேன், ஒண்ணும் பேசல, கொஞ்ச நேரம் கழிச்சு எந்த உயரத்துல வேணும்னு சுவர்ல கை வச்சுக் காட்டினாங்க.

நாளைக்குக் காலைல பாத்ரூம்ல தண்ணி கட்டிப் பாக்கப்போறோம். அதுக்கு முன்னாடி வேற எதாவது கவனிக்கணுமா அண்ணா?

சைட்_இன்ஜினியர்:

கீழ் வீட்டுக்காரங்ககிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க, அவங்க சீலிங்குக்கு நேரா மின்சார பாயின்ட் எதாவது இருந்தா அந்த ரூம் ஸ்விட்சை அணைச்சு வைக்கட்டும். இப்ப இருக்கற ஈரத்தோட ஓரத்தைப் பென்சிலால கோடு போட்டு போட்டோ எடுத்துக்கோங்க, தேதி தெரியற மாதிரி. தண்ணி கட்டினதும் பக்கத்துச் சுவர்ல தண்ணி மட்டத்துக்கும் ஒரு கோடு. மட்டம் லேசா இறங்கறது ஆவியாலகூட இருக்கலாம், பயந்துடாதீங்க, கீழ போட்ட கோட்டைத் தாண்டுதான்னு பாருங்க. ஆடிட் 2018ங்கறதை ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல மறக்காம மினிட்ஸ்ல ஏத்தச் சொல்லுங்க.